ஒரு தோட்டாவுக்காகவா 1857?

ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைக் கடிக்கச் சொன்னார்கள், சிப்பாய்கள் கொதித்தெழுந்தார்கள், வட இந்தியா பற்றி எரிந்தது என்று பள்ளியில் படித்தோம். ஒரு தோட்டாவுக்காக அத்தனை பேர் உயிரைக் கொடுப்பார்களா? உண்மையான காரணம் என்ன?"

நியாயமான கேள்வி. தோட்டா கட்டுக்கதை இல்லை, அதைப் பிறகு பார்ப்போம். ஆனால் அங்கிருந்து தொடங்கினால் விஷயம் பிடிபடாது. முதலில் வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

அன்று இந்தியாவை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியிடம் மூன்று படைகள் இருந்தன: வங்காளப் படை, சென்னைப் படை, பம்பாய்ப் படை. பம்பாய்ப் படையில் கோலாப்பூர் போன்ற சில இடங்களில் சலசலப்பு இருந்தது. சென்னைப் படை பெரும்பாலும் அசையவில்லை. ஒரு படையாகவே உடைந்தது வங்காளப் படைதான். சென்னைச் சிப்பாய்க்கும் சாதி இருந்தது, மதம் இருந்தது, வெள்ளை அதிகாரியின் ஏச்சும் பேச்சும் இருந்தன. அப்படியிருந்தும் வங்காளப் படை மட்டும் ஏன் கிளம்பியது?

பெயர்தான் வங்காளப் படை. வங்காளிகள் அதில் மிகக் குறைவு. காலாட்படைச் சிப்பாய்களில் பெரும்பாலானவர்கள் அவத் (லக்னோவைத் தலைநகராகக் கொண்ட நாடு), காசியைச் சுற்றிய மாவட்டங்கள், பீகாரின் போஜ்பூர்ப் பகுதி ஆகிய இடங்களில் இருந்து வந்த பிராமணர்களும் ராஜபுத்திரர்களும். ஒரே ஊரில் இருந்து அண்ணன், தம்பி, சித்தப்பா மகன் என்று வரிசையாகப் பட்டாளத்தில் சேர்வார்கள். விடுமுறையில் ஊருக்குப் போகும் சிப்பாய், திரும்பும்போது பங்காளி வீட்டுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்து சேர்த்துவிடுவார். வீட்டில் கொஞ்சம் நிலம் இருக்கும். அதை அப்பாவோ அண்ணனோ உழுவார்கள். சிப்பாயின் சம்பளம் அந்த நிலத்துக்கு வரி கட்டவும் தங்கை கல்யாணத்துக்கும் போகும். பட்டாளத்துக்காரர் வீடு என்றால் ஊரில் ஒரு மரியாதை.

ஆக, அந்தச் சிப்பாய் சீருடை போட்ட விவசாயி. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு 1857-க்கு முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளைப் பார்த்தால், ஊரில் நடந்தவையும் படையில் நடந்தவையும் ஒரே வீட்டுக் கவலைகளாகத் தெரியும். கிளர்ச்சி எங்கே கனன்றது என்று பார்த்தால், சிப்பாய்களின் சொந்த ஊர்கள் இருந்த இடங்களில்தான் அது மிக நீண்ட நாள் எரிந்தது.

முதலில் படைக்குள் நடந்ததைச் சொல்கிறேன். காலாட்படைச் சிப்பாய்க்கு மாதம் 7 ரூபாய். சாப்பாட்டுச் செலவு அதிலிருந்துதான். அதோடு, கம்பெனி எல்லைக்கு வெளியே போய்ப் போரிட்டால் கூடுதல் படி கிடைக்கும். 'பத்தா' என்பார்கள். இன்று நாம் டிரைவருக்குக் கொடுக்கும் பேட்டா இருக்கிறதே, அதே சொல்தான். இதில் ஒரு கொடுமை நடந்தது. சிந்துவைப் பிடிக்க இந்தச் சிப்பாய்கள் உயிரைக் கொடுத்துச் சண்டையிட்டார்கள். 1843-ல் சிந்து கம்பெனி வசமானது. உடனே, 'சிந்து இப்போது நம் நாடு, அது வெளிநாடு இல்லை, ஆகவே பத்தா கிடையாது' என்றார்கள். நாட்டைப் பிடித்துக் கொடுத்ததற்குக் கிடைத்த பரிசு சம்பள வெட்டு. 1844-ல் சில ரெஜிமென்டுகள் சிந்துவுக்குப் போக மறுத்தன. 1849-ல் பஞ்சாப் இணைக்கப்பட்டபோது அதே கதை, அதே முணுமுணுப்பு. 1850-ல் பஞ்சாபின் கோவிந்த்கரில் அப்படி முணுமுணுத்த 66-வது ரெஜிமென்டைக் கலைத்துவிட்டு அந்த இடத்தில் கூர்க்காக்களை வைத்தார்கள். 'நீங்கள் இல்லாவிட்டால் வேறு ஆள் இருக்கிறது' என்ற செய்தி எல்லா முகாம்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

கடல் தாண்டும் பிரச்சினை இதைவிடப் பழையது. கப்பல் ஏறினால் சாதி போய்விடும் என்று அஞ்சியவர்கள் இவர்கள். 1824-ல் பர்மாப் போருக்குக் கிளம்பச் சொன்னபோது கல்கத்தாவுக்கு அருகே பரக்பூரில் 47-வது ரெஜிமென்ட் மறுத்தது. அணிவகுப்பு மைதானத்திலேயே பீரங்கியால் சுட்டார்கள். அந்த நினைவு மறையும் முன்பே, 1856-ல் கவர்னர் ஜெனரல் கானிங் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: இனி புதிதாகச் சேரும் எவரும் எங்கே அனுப்பினாலும், கடல் கடந்தும், போக வேண்டும். ஏற்கெனவே படையில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது என்றார்கள். ஆனால் பையனையும் தம்பியையும் சேர்த்துவிடக் காத்திருந்த குடும்பங்களுக்கு அது பொருந்தியதே! பரம்பரைத் தொழிலாக நினைத்திருந்த கதவு கண்ணெதிரே சாத்தப்பட்டது. 1854-ல் சிப்பாய்களின் கடிதங்களுக்கு இருந்த இலவச அஞ்சல் சலுகையையும் எடுத்துவிட்டார்கள். சின்ன விஷயம்தான். ஊரைவிட்டு நூறு காதம் தள்ளி இருப்பவருக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றியிருக்காது.

பதவி உயர்வும் இல்லை. முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்தாலும் ஒரு இந்தியர் எட்டக்கூடிய உச்சம் சுபேதார்தான். நேற்று கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரப் பையன், போரில் நரைத்த சுபேதாருக்கு மேலதிகாரி.

இனி ஊருக்கு வருவோம். என்னைக் கேட்டால் 1857-ன் இதயம் இங்கேதான் இருக்கிறது. குறிப்பாக அவத்தில்.

அவத் நவாப்புகள் கம்பெனிக்குத் துரோகம் செய்தவர்கள் இல்லை. 1801-லேயே அன்றைய கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி அவர்களிடம் இருந்து ஏறக்குறைய பாதி நாட்டை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகும் கேட்டபோதெல்லாம் கடன் கொடுத்தார்கள். 1856 பிப்ரவரியில் 'நிர்வாகம் சரியில்லை' என்று சொல்லி, கானிங்குக்கு முந்தைய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி மீதி நாட்டையும் இணைத்துக்கொண்டார். நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். டல்ஹௌசியின் இணைப்புகளில் பாடப் புத்தகம் அதிகம் பேசுவது வாரிசு இழப்புக் கொள்கையைத்தான், அதாவது பெற்ற மகன் இல்லாமல் மன்னர் இறந்தால் நாடு கம்பெனிக்கு என்பதை: சதாரா, ஜான்சி, நாக்பூர். அவத்துக்கு அது பொருந்தவில்லை. நவாப் உயிரோடு இருந்தார், வாரிசும் இருந்தது. நட்பாக இருந்தாலும் நாடு தங்காது என்பதை எல்லாச் சமஸ்தானங்களும் அன்று புரிந்துகொண்டன.

அரண்மனை போனதால் யாருக்கு என்ன? நிறையப் பேருக்கு நிறைய. நவாப்பின் படை கலைக்கப்பட்டதில் சுமார் 60,000 பேரின் பிழைப்பில் மண் விழுந்தது. அரண்மனையை நம்பியிருந்த சமையற்காரர், இசைக் கலைஞர், ஜரிகை வேலைக்காரர், கவிஞர், எழுத்தர் என்று லக்னோ நகரமே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. ஆனால் பெரிய அடி நிலத்தில் விழுந்தது.

அவத்தின் கிராமப்புறத்தில் தாலுக்தார்கள் என்ற பெருநிலக்காரர்கள் இருந்தார்கள். தனிக் கோட்டை, தனி ஆட்கள், சில பீரங்கிகள்கூட உண்டு. நம் பக்கத்துப் பாளையக்காரர்களை நினைத்துக்கொண்டால் ஓரளவு புரியும். நாட்டை இணைத்த கையோடு கம்பெனி அவசர அவசரமாக ஒரு நில ஏற்பாடு செய்தது. தாலுக்தார்கள் இடையில் புகுந்து நிலத்தைப் பறித்தவர்கள், உண்மையான உடைமையாளர் உழவர்தான் என்பது அதன் அடிப்படை. ஏட்டில் படித்தால் உழவருக்கு நல்லதுதானே என்று தோன்றும். தாலுக்தார்கள் வசம் 67 சதவீதமாக இருந்த கிராமங்கள் 38 சதவீதமாகச் சுருங்கின.

ஆனால் உழவருக்கு நல்லது நடக்கவில்லை. சில இடங்களில் வரி 30 முதல் 70 சதவீதம் வரை ஏறியது. தாலுக்தார் கொடுமைக்காரராகவும் இருந்திருப்பார். ஆனாலும் மழை பொய்த்தால் அவரிடம் போய்க் கையேந்தலாம். கல்யாணம், கருமாதி, திருவிழா என்றால் ஏதாவது கொடுப்பார். 'இந்த வருஷம் விளையவில்லை ஐயா' என்றால் அடுத்த அறுவடைவரை பொறுப்பார். புதிய கலெக்டர் கச்சேரிக்கு விளைந்தது, விளையாதது என்ற கணக்கெல்லாம் கிடையாது. தவணை தேதிக்கு ரொக்கமாகக் கட்ட வேண்டும். இல்லையென்றால் ஜப்தி. 1857-ல் அந்த உழவர்கள், தங்களுக்கு நிலத்தை வாங்கிக் கொடுத்ததாகச் சொன்ன கம்பெனியை விட்டுவிட்டுப் பழைய தாலுக்தார் பின்னால் அணிதிரண்டார்கள். வெள்ளை அதிகாரிகளுக்கு இது புரியவே இல்லை. நன்றி கெட்டவர்கள் என்று எழுதினார்கள்.

சிப்பாயின் வீடும் இதே ஊரில்தான் இருக்கிறது. அவருக்கு இன்னொரு இழப்பும் உண்டு. பாடப் புத்தகங்கள் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. நவாப் ஆட்சிக் காலத்தில் அவத்தைச் சேர்ந்த கம்பெனிச் சிப்பாய்க்கு ஊரில் நிலத் தகராறு வந்தால், தன் தளபதி மூலமாக லக்னோவில் இருந்த பிரிட்டிஷ் ரெசிடெண்டுக்கு, அதாவது நவாப்பிடம் கம்பெனி வைத்திருந்த பிரதிநிதிக்கு, மனு போடலாம். ரெசிடெண்ட் அதை நவாப்பின் அதிகாரிகளுக்கு அனுப்புவார். ரெசிடெண்டிடம் இருந்து வந்த மனு என்றால் அதிகாரிகள் பயந்து கவனிப்பார்கள். பங்காளிகளும் சிப்பாய் வீட்டில் வம்பு வைத்துக்கொள்ளத் தயங்குவார்கள். ஊரில் சிப்பாய் குடும்பத்துக்கு இருந்த மதிப்பில் பாதி இந்த மனுவால் வந்தது. நாடு கம்பெனியுடையது ஆனதும் ரெசிடெண்டும் இல்லை, தனி மனுவும் இல்லை. எல்லோரையும் போல அவரும் கோர்ட் வாசலில் முத்திரைத்தாளோடு நிற்க வேண்டியதுதான். கம்பெனி ஒரு நாட்டை வென்றது. அந்த வெற்றியில் கம்பெனியின் சொந்தச் சிப்பாய் ஊரில் தன் செல்வாக்கை இழந்தார்.

காலாகாங்கரின் தாலுக்தார் ராஜா ஹன்வந்த் சிங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிளர்ச்சி வெடித்தபோது தப்பியோடி வந்த ஒரு வெள்ளை அதிகாரிக்கு அவர் அடைக்கலம் கொடுத்தார். சோறு போட்டு, காவல் வைத்து, பத்திரமான இடத்துக்கு அனுப்பிவைத்தார். விடைபெறும்போது அந்த அதிகாரி, கிளர்ச்சியை அடக்க ராஜாவும் உதவுவார் என்று நம்பிக்கையோடு பேசினார். அதற்கு ஹன்வந்த் சிங் சொன்ன பதிலின் சாரம் இது: உங்கள் ஆட்கள் வந்தார்கள், எங்கள் அரசரை விரட்டினார்கள். ஜில்லா ஜில்லாவாக அதிகாரிகளை அனுப்பி எங்கள் பாத்தியதையைச் சோதித்தீர்கள். நினைவு தெரியாத காலத்தில் இருந்து என் குடும்பத்தில் இருந்த நிலத்தை ஒரே அடியில் பறித்தீர்கள். நான் பணிந்தேன். திடீரென்று உங்களுக்கு ஆபத்து வந்தது. நீங்கள் யாரிடம் பறித்தீர்களோ அவனிடமே வந்தீர்கள், உங்களைக் காப்பாற்றினேன். இப்போது என் ஆட்களோடு லக்னோவுக்குப் போகிறேன், உங்களை இந்த நாட்டைவிட்டு விரட்ட.

எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும் இடம் இது. அடைக்கலம் புகுந்தவரைக் காப்பது ஒரு தர்மம், பறித்தவரை எதிர்ப்பது இன்னொரு தர்மம். அவர் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. தோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தையும் அவர் பேசவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அவத்துக்கு மேற்கே, கங்கைக்கும் யமுனைக்கும் நடுவில் உள்ள ஜில்லாக்களில் பிரச்சினை கொஞ்சம் வேறு. அங்கே கம்பெனி ஆட்சி அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துகொண்டிருந்தது. வரி பாக்கிக்காக நிலம் ஏலம் போகும். கடனுக்காகச் சிவில் கோர்ட் டிக்ரி மூலமும் போகும். ஏலத்தில் எடுப்பவர் பெரும்பாலும் லேவாதேவிக்காரர். முன்பெல்லாம் கடன் கொடுத்தவர் நிலத்தில் கைவைக்க ஊர் விடாது, இப்போது அவர் கையில் கோர்ட் காகிதம் இருந்தது. அதனால்தான் கிளர்ச்சியின்போது பல ஊர்களில் மக்கள் முதலில் கைவைத்தது கணக்குப் பேரேட்டில். வட்டிக்கடைக் குறிப்பேடுகளும் கச்சேரி ஆவணங்களும் எரிக்கப்பட்டன. மீரட்டுக்கு அருகே பரௌத் பகுதியில் ஷா மல் என்ற ஜாட் விவசாயி எண்பத்துச் சொச்சம் கிராமங்களைத் திரட்டினார் என்றால், அங்கே சிப்பாய் யார், குடியானவர் யார் என்று எப்படிப் பிரிப்பது?

அரச குடும்பங்களின் குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இவை உங்களுக்குத் தெரிந்தவைதான். மராத்தியரின் கடைசிப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் 1851-ல் இறந்ததும் அவருடைய 8 லட்ச ரூபாய் ஓய்வூதியத்தை வளர்ப்பு மகன் நானா சாகிபுக்குத் தர மறுத்தார்கள். ஜான்சியில் கங்காதர ராவ் இறந்ததும் தத்துப்பிள்ளையை ஏற்காமல் 1854-ல் நாட்டை எடுத்துக்கொண்டார்கள். முகலாய வம்சத்துக்கு பகதூர் ஷாவோடு பாதுஷா பட்டம் முடிந்துவிடும் என்று தீர்மானித்தார்கள். பீகாரில் ஜகதீஷ்பூரின் குன்வர் சிங் எண்பதை நெருங்கிய வயதில், கடனில் மூழ்கி நின்றார். இவர்கள் தலைமை கொடுத்தார்கள், கிளர்ச்சியை மூட்டியவர்கள் என்று சொல்ல மாட்டேன். பகதூர் ஷாவைச் சிப்பாய்கள்தான் தேடிப் போய் நிறுத்தினார்கள்.

அப்புறம் மதம். இது வெறும் சாக்கு என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சதி ஒழிப்பும் (1829) விதவை மறுமணச் சட்டமும் (1856) நல்ல சட்டங்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் 1850-ல் வந்த ஒரு சட்டம், மதம் மாறியவருக்கும் குடும்பச் சொத்தில் பங்கு உண்டு என்றது. இந்தியாவில் வேலை செய்ய மிஷனரிகளுக்கு 1813-லேயே வழி திறந்தாயிற்று. சில ராணுவ அதிகாரிகள் தங்கள் சிப்பாய்களிடமே மதப் பிரசங்கம் செய்தார்கள். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்த ஒரு கிராமத்துக்காரருக்கு, 'நிலத்தை எடுத்தவர்கள் இப்போது மதத்தையும் எடுக்கப் பார்க்கிறார்கள்' என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. 1857-ன் தொடக்கத்தில் சந்தை மாவில் எலும்புத் தூள் கலந்திருக்கிறது என்று ஒரு வதந்தி பரவியது. மலிவாகக் கிடைத்தும் அந்த மாவை வாங்க மறுத்தார்கள். வதந்தி பொய்தான், அதன் அடியில் இருந்த பயம் பொய்யில்லை.

இந்த நிலைமையில்தான் தோட்டா வந்து சேர்ந்தது.

புதிய என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலுக்குள் சுருள் வரிகள் இருந்தன. குண்டு இறுக்கமாக உட்கார்ந்தால்தான் அந்த வரிகளில் சுழன்று தூரம் போகும். இறுக்கமான குண்டு குழலுக்குள் வழுக்கி இறங்கக் கொழுப்பு வேண்டும். தோட்டா என்பது அப்போது ஒரு காகிதச் சுருள். உள்ளே மருந்து, அடியில் குண்டு. சுருளின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டை உள்ளே இடிக்க வேண்டும். பல்லால் கடிப்பது பழைய பழக்கம்தான். வாயில் படும் காகிதத்தில் எந்த விலங்கின் கொழுப்பு இருக்கிறது என்பதுதான் புதிய கேள்வி. கல்கத்தா அதிகாரிகளால் இதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பசுக் கொழுப்பு இல்லை என்று சத்தியம் செய்ய யாரும் முன்வரவில்லை.

1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதக் கிடங்கில் ஒரு கலாசி (கிடங்குத் தொழிலாளி), ஒரு பிராமணச் சிப்பாயிடம் அவர் செம்பில் இருந்து தண்ணீர் கேட்டார். என் சாதி போய்விடும் என்று அவர் மறுத்தார். 'கொஞ்ச நாளில் உன் வாயாலேயே பசுக் கொழுப்பைக் கடிக்கப் போகிறாய், அப்போது உன் சாதி எங்கே இருக்கும்?' என்று கலாசி திருப்பிக் கேட்டார். இந்தப் பேச்சுதான் முகாம் முகாமாகப் பரவியது. அதிகாரிகள் இறங்கி வந்து, நீங்களே எண்ணெயும் தேன்மெழுகும் தடவிக்கொள்ளுங்கள் என்றார்கள். சந்தேகம் காகிதத்துக்குத் தாவியது: இந்தக் காகிதம் ஏன் இப்படிப் பளபளக்கிறது? சரி, கடிக்க வேண்டாம், கையால் கிழியுங்கள் என்று பயிற்சி முறையையே மாற்றினார்கள். அதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது. மார்ச் 29-ல் பரக்பூரில் மங்கள் பாண்டே என்ற சிப்பாய் அதிகாரிகளுக்கு எதிராகத் துப்பாக்கியைத் தூக்கினார். ஏப்ரல் 8-ல் அவரைத் தூக்கில் போட்டார்கள்.

ஏப்ரல் 24-ல் மீரட்டில் 3-வது குதிரைப்படையின் தளபதி கார்மைக்கேல்-ஸ்மித் 90 பேரை வரிசையில் நிறுத்தினார். அன்று கொடுத்தவை என்ஃபீல்டு தோட்டாக்களே அல்ல, அவர்கள் எப்போதும் பயன்படுத்திய பழைய தோட்டாக்கள். கடிக்கவும் வேண்டாம், கையால் கிழித்தால் போதும். 85 பேர் தொட மறுத்தார்கள். பழைய தோட்டாவைத் தொட்டால்கூட ஊரும் உறவும் தங்களை ஒதுக்கிவிடும் என்று பயந்தார்கள். தோட்டாவில் என்ன தடவியிருந்தது என்ற கேள்வியின் கட்டம் அத்தோடு முடிந்துவிட்டது. கம்பெனியின் எந்த வார்த்தையையும் இனி நம்புவதற்கில்லை என்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

பெரும்பாலானோருக்குப் பத்தாண்டு கடுங்காவல் கிடைத்தது. மே 9-ம் தேதி காலை, பீரங்கிகளும் வெள்ளைப் படையும் சுற்றி நிற்க, மற்றச் சிப்பாய்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த 85 பேரின் சீருடையை உருவினார்கள். கொல்லர்கள் வந்து ஒவ்வொருவர் காலிலும் விலங்கை வைத்து அடித்து இறுக்கினார்கள். 85 பேருக்கும் அடித்து முடிக்க நெடுநேரம் ஆனது. கம்பெனிக்காகப் பல போர்களில் சண்டையிட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, இதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறீர்களே என்று கதறினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை மீரட் வெடித்தது. மே 11 காலையில் டெல்லி.

இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும்: ஆங்கிலேயரின் பதற்றம். காசியில் ஜூன் 4-ம் தேதி 37-வது ரெஜிமென்டின் ஆயுதங்களைப் பறிக்கப் போன விதத்தில் துப்பாக்கிச் சூடு தொடங்கி, விசுவாசமாக நின்ற சீக்கியச் சிப்பாய்களும் குண்டுக்கு இலக்கானார்கள். தளபதி நீல் சென்னையிலிருந்து கொண்டுபோயிருந்த வெள்ளைப் படை அங்கே நின்றது. பின்பு காசியைச் சுற்றிலும் அலகாபாத்திலும் விசாரணை என்ற பேச்சே இல்லாமல் மரத்துக்கு மரம் ஆட்களைத் தொங்கவிட்டார்கள், கிராமங்களைக் கொளுத்தினார்கள். அதுவரை தயங்கி நின்ற பல ரெஜிமென்டுகளுக்கும் ஊர்களுக்கும், எழுந்தாலும் சாவு எழாவிட்டாலும் சாவு என்ற நிலை வந்தது. இந்த நீலுக்குத்தான் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927-ல் அதை அகற்றச் சொல்லித் தமிழ் இளைஞர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறைக்குப் போனார்கள். 1937-ல் ராஜாஜி அமைச்சரவைதான் அதை மியூசியத்துக்கு அனுப்பியது.

கிளர்ச்சிக்காரர்களே காரணம் சொல்லியிருக்கிறார்கள். 1857 ஆகஸ்டு 25 தேதியிட்ட ஆசம்கர் பிரகடனத்தைக் கட்டாயம் படித்துப் பாருங்கள். ஜமீன்தாருக்கு வரிச்சுமையும் கோர்ட்டில் அவமானமும். வியாபாரிக்கு, அவுரி, துணி போன்ற லாபமுள்ள சரக்கையெல்லாம் வெள்ளையரே வைத்துக்கொண்ட குறை. அரசு ஊழியருக்கு, எத்தனை உழைத்தாலும் படையில் அறுபது எழுபது ரூபாய் சுபேதார் பதவிக்கு மேல் இல்லை என்ற குறை. நெசவாளி, பஞ்சு கொட்டுபவர், தச்சர், கொல்லர், செருப்புத் தைப்பவர் ஆகியோரின் பிழைப்பை இங்கிலாந்துச் சரக்கு பறித்துவிட்டது என்றும் அதில் இருக்கிறது. பண்டிதரையும் பக்கீரையும் மதத்தைக் காக்க வாருங்கள் என்று அழைக்கிறது. ஒரு தோட்டாவைப் பற்றிய கோபத்தில் எழுதியதாகவா இது தெரிகிறது?

சென்னைப் படை ஏன் அசையவில்லை என்ற கேள்விக்குத் திரும்புவோம். சென்னைப் படையில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள், பறையர் உட்படப் பல சாதியினர் கலந்து இருந்தார்கள். குடும்பத்தையும் முகாமுக்கே கூட்டி வந்துவிடுவார்கள். கடல் கடந்து போவது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். ஒரே வட்டாரத்துக் கிராமங்கள் அப்படியே ரெஜிமென்டாக மாறிய வங்காளப் படை போன்றதல்ல அது. பஞ்சாபில் கணக்கு வேறு. 1849-ல் தங்கள் ராஜ்ஜியத்தைக் கம்பெனிக்காக வென்று கொடுத்தது இந்தக் கிழக்கத்திச் சிப்பாய்கள்தான் என்ற கசப்பு சீக்கியர்களுக்கு ஆறவில்லை, அதனால் பெரும்பாலும் அவர்களோடு சேரவில்லை.

தெற்கே கோபமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே அது அரை நூற்றாண்டு முன்பே வெடித்து அடங்கியிருந்தது. 1799-ல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் மருது சகோதரர்கள். அதே ஆண்டு ஆற்காடு நவாப்பின் நாடு கம்பெனிக்குப் போனது. அந்தப் பின்னணியில்தான் 1806-ல் வேலூர்ச் சிப்பாய்களைப் புதிய தலைப்பாகை அணியச் சொன்னார்கள். அதில் தோல் பட்டை இருந்தது. நெற்றியில் நாமமோ திருநீறோ கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது. மறுத்தவர்களுக்குக் கசையடி. ஜூலை 10 விடிவதற்குள் கோட்டை சிப்பாய்கள் கையில் வந்தது. திப்புவின் மகன்கள் அந்தக் கோட்டைக்குள்தான் இருந்தார்கள், திப்புவின் புலிக் கொடியும் ஏறியது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சில மணி நேரத்தில் முடித்துவிட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள்.

வேலூரில் தலைப்பாகை, மீரட்டில் தோட்டா. பொறி ஒரே வகைதான். வேலூர் ஒரே நாளில் அணைந்ததற்குக் காரணம், கோட்டைக்கு வெளியே எழுந்து நிற்க ஆள் இல்லை. பாளையங்கள் ஏற்கெனவே இடிக்கப்பட்டு, தலைவர்கள் தூக்கிலிடப்பட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. 1857-ல் அவத்தின் தாலுக்தார்களும் உழவர்களும் தங்கள் கோட்டைகளோடும் ஆட்களோடும் முழுசாக நின்றார்கள். அதனால்தான் டெல்லி செப்டம்பரில் வீழ்ந்த பிறகும், லக்னோ அடுத்த மார்ச்சில் வீழ்ந்த பிறகும், அவத்தில் ஊர் ஊராகச் சண்டை தொடர்ந்தது.

கடைசியாக, ஆங்கிலேயர்கள் எதைக் காரணம் என்று நினைத்தார்கள்? அடக்கிய பிறகு எதை மாற்றினார்கள் என்று பாருங்கள். 1858 நவம்பர் 1-ம் தேதி விக்டோரியா பிரகடனம், இனி நாடுகளைப் பிடிக்க மாட்டோம், மதத்தில் தலையிட மாட்டோம் என்றது. சமஸ்தானங்கள் தத்து எடுக்கும் உரிமையையும் பின்னர் ஏற்றுக்கொண்டார்கள். பணிந்த தாலுக்தார்களுக்கு நிலத்தைப் பட்டயம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். படையில் வெள்ளையர் விகிதத்தைக் கூட்டினார்கள், பீரங்கிகளை இந்தியர் கையிலிருந்து எடுத்தார்கள். உழவருக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை.

அந்தப் பிரகடனத்துக்கு அவத்தின் பேகம், வாஜித் அலி ஷாவின் மனைவி ஹஸ்ரத் மஹல் மறுப்பு வெளியிட்டார். ஆட்சியை ராணியே ஏற்றுக்கொண்டார் என்றால், எங்கள் மக்கள் விரும்பும்போது எங்கள் நாட்டை ஏன் எங்களிடம் திருப்பித் தரவில்லை என்று அதில் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அவர் சரணடையாமல் நேபாளத்துக்குப் போனார். 1879-ல் காத்மாண்டுவில் இறந்தார், கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.